லாரிக்காரர் எழுதிய வாள்வீரன்

இந்த வகைக் கதைகளில் லாரி டிரைவருக்குப் பெயர் கிடையாது. முதல் பக்கத்தில் ஒரு லாரி வரும், பையன் அடிபடுவான், கண் விழித்தால் வேறு உலகம். அங்கே ஒரு தேவதை நின்றுகொண்டு என்ன வரம் வேண்டும் என்று கேட்பாள். அதன் பிறகு அவன் வாளைத் தொட்டாலே மலை பிளக்கும், அரக்கர் படை தலைதெறிக்க ஓடும், இளவரசிகள் வரிசை கட்டி நிற்பார்கள். லாரியை ஓட்டியவன் என்ன ஆனான் என்று எழுதுகிறவனும் நினைப்பதில்லை, படிக்கிறவனும் கேட்பதில்லை. ஜப்பானில் எங்கள் குன்மா மாவட்டத்து ரயில்களில் பள்ளிக்கூடப் பையன்களிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர்கள் வரைக்கும் கைப்பேசியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு படிப்பது இதைத்தான். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், தடுப்பார் இல்லை. அதனால்தான் இத்தனை லாரிகள், இத்தனை தேவதைகள்.

ஒகிட்சு யோஷிஹரு அப்படிப் பெயரில்லாத ஒரு லாரிக்காரர். மலைமேலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு போய் டோக்கியோ சந்தையில் இறக்குவதே அவர் பிழைப்பு. ஆள் வாட்டசாட்டம், பேச்சு மட்டும் சுருக்கம். மனைவி எப்போதோ பிரிந்து போய்விட்டாள். "வாயே திறக்காத மனுஷனோட எத்தனை வருஷம்தான் டி.வி. பாக்கறது?" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் மேல் தப்புச் சொல்ல முடியாது.

இலையுதிர் காலத்தில் ஒரு பிற்பகல், இசேசாகி ஊரில் ஒரு ரொட்டிக்கடை மூலையில் இடப்பக்கம் திரும்பும்போது, சைக்கிளில் வந்த முரோய் தோமோயா என்ற கல்லூரி மாணவனை அவர் பார்க்கத் தவறினார். கண்ணாடியை ஒரு முறை பார்த்தார். இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும். வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லச் சொல்லி வக்கீல் தலைபாடாக அடித்துக்கொண்டார். "நான் பாக்கல. அவ்வளவுதான்" என்று கோர்ட்டில் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார் ஒகிட்சு. சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள், ஓட்டுநர் உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கொன்யாக்கு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். கருணைக்கிழங்குக்குப் பங்காளி முறையான ஒரு கிழங்கை அரைத்து, கிளறி, கட்டியாக்கிப் பெட்டியில் அடைக்கிற வேலை. நாள் முழுக்கக் கை ஈரத்திலேயே இருக்கும்.

பையன் இறந்த தேதி மாதாமாதம் வருமல்லவா, அந்தத் தேதியில் அவர் முரோய் வீட்டுக்கு ஊதுவத்தி ஏற்றப் போவார். சாவுக்குக் காரணமானவன் அப்படிப் போவதுதான் இங்கே முறை. போகிறவர்கள் பெரும்பாலும் சில மாதத்தில் நின்றுவிடுவார்கள், வீட்டுக்காரர்களும் நிம்மதி என்று விட்டுவிடுவார்கள். ஒகிட்சு நிற்கவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, பழக்கூடையோடு வாசலில் நிற்பார். பையனின் தாய் கஸுயோ கதவைத் திறக்க மாட்டாள். அவர் குனிந்து வணங்கிவிட்டு, கூடையை வைத்துவிட்டுத் திரும்புவார். அடுத்த மாதம் அதே கூடை அதே இடத்தில் அழுகிக் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு புதுக்கூடையை வைப்பார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

அகாகி மலையிலிருந்து இறங்கும் வறட்டுக் காற்று ஆளைத் தள்ளுகிற ஒரு மாசி மாதத்து நாளில் கதவு திறந்தது. கஸுயோ சின்ன உடம்புக்காரி. மருத்துவமனைத் துணிகள் வெளுக்கிற ஆலையில் வேலை, கணவன் இல்லை, அந்த ஒரே பையன்தான் இருந்தான். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உள்ள வாங்க. வாசல்லயே நின்னா அக்கம்பக்கத்துல என் தலையத்தான் உருட்டறாங்க."

ஒகிட்சு உள்ளே போய், பையனின் படம் வைத்த பூஜை மாடத்தின் முன்னால் மண்டியிட்டு ஊதுவத்தி ஏற்றினார். படத்தில் பையன் அரைச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தான். அவர் எழுந்து புறப்பட்டபோது கஸுயோ, "இருங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று பையனின் அறைக்குக் கூட்டிப் போனாள்.

மேஜையில் ஒரு மடிக்கணினி ஓடிக்கொண்டிருந்தது. பையன் போன நாளிலிருந்து அதை அவள் அணைக்கவே இல்லை. அணைத்தால் மறுபடி திறக்கிற எண் அவளுக்குத் தெரியாது. திரையில் ஒரு தொடர்கதையின் பக்கம் இருந்தது. எழுதியவர் பெயர் அரைவேக்காட்டு முட்டை. கதையின் பெயரை ஒரே மூச்சில் சொல்லவே முடியாது: 'லாரி மோதி வேறு உலகம் போனேன், வாளை உருவினாலே மலை பிளக்கிறது, நான் கேட்டதோ ஒரு மதியத் தூக்கம்தான்.'

"இது என் பையன் எழுதினது. எனக்கே அவன் போனப்புறம்தான் தெரியும்" என்றாள் கஸுயோ. "கீழ படிங்க."

கீழே வாசகர்கள் எழுதிய கருத்துகள். அடுத்த அத்தியாயம் எப்போது என்று ஆரம்பத்தில் ஆசையாகக் கேட்டிருந்தார்கள். பிறகு கோபம். 'பாதியில ஓடிப்போற இன்னொரு கோழை' என்று ஒருவர். 'சண்டை நடுவுல நிறுத்திட்டியே, உருப்படுவியா?' என்று இன்னொருவர். கடைசியாக, மூன்றாம் பூனை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு ஆள் எழுதியிருந்தது: 'முட்டை சாரும் லாரியில அடிபட்டு வேற உலகத்துக்குப் போயிட்டாரு போல, ஹஹஹா!'

எழுதுகிறவன் காணாமல் போனால் இங்கே எல்லா வாசகர்களும் சொல்கிற கேலிதான் இது. அதில் கெட்ட எண்ணம் எள்ளளவும் இல்லை. ஒகிட்சு மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த நாற்காலியில உக்காருங்க" என்றாள் கஸுயோ.

"முரோய் சான்..."

"நிறுத்தினது நீங்கதானே? நீங்களே எழுதி முடிங்க."

"நான் லாரி ஓட்டினவன். எனக்கும் எழுத்துக்கும் எட்டாத தூரம்."

"எனக்கு மட்டும் வருமா? அவன் சண்டை நடுவுல நிக்கறான், ஒகிட்சு சான். கைய ஓங்கிட்டு அப்படியே நிக்கறான். எனக்குத் தூக்கம் வரல."

மகனைச் சொன்னாளா, கதாநாயகனைச் சொன்னாளா என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. பாவி மனுஷன், அந்தப் பையனின் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்டனை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தார். இன்னொருவராக இருந்தால் அன்றோடு அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்.

கொன்யாக்கு ஆலையில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவள் தமாகி. அறுபது தாண்டிய கைம்பெண், வாய் கொஞ்சம் நீளம். சாப்பாட்டு வேளையில் சோற்றுருண்டையை ஒரு கையிலும் கைப்பேசியை மறு கையிலும் வைத்துக்கொண்டு இந்தக் கதைகளாகவே படித்துத் தள்ளுவாள். அவளிடம் போய், வாள்வீரன் கதை எழுதுவது எப்படி என்று கேட்டார் ஒகிட்சு. தமாகிக்குப் புரையேறிவிட்டது.

"யாரு, நீயா? ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசாத ஆளு, கதை எழுதப் போறியா? சரி, கேட்டுக்கோ. ஹீரோ தோக்கவே கூடாது. தோத்தான்னு வையி, வாசகன் அன்னிக்கே கழண்டுக்குவான். சண்டைன்னா ஒரே வெட்டு. ரெண்டாவது வெட்டுன்னாலே எங்களுக்கெல்லாம் கொட்டாவி வந்துடும்."

"எதுக்கு அவ்வளவு பலம்?"

"எதுக்கா? பகல் முழுக்கக் கிழங்கு கிளறிட்டுப் போய்ப் படுக்கறவளுக்கு, கதையிலயாவது ஒருத்தன் அடிவாங்காம இருக்கட்டுமேய்யா!"

அவருடைய லாரியில் நடந்தது தமாகிக்குத் தெரியும், ஆலையில் எல்லோருக்கும் தெரியும். யாருக்காக எழுதுகிறாய் என்று அவள் கேட்கவில்லை. அது அவளுடைய நல்ல குணம்.

அடுத்த தேதியில், பையனின் கணினியில் இரண்டு விரலால் தட்டித் தட்டி ஒகிட்சு தன் முதல் அத்தியாயத்தை எழுதினார். கிழங்கு கிளறும்போதே ஒவ்வொரு வாக்கியமாக மனசுக்குள் உருட்டி வைத்திருந்ததால் ஒரு பிற்பகலில் முடிந்தது. கதாநாயகன் பெயர் ஹயாசே. ஒரு பெரிய அரக்கனுக்கு எதிரே வாளை ஓங்கி நிற்கிறான். அங்கேதான் தோமோயா கதையை விட்டுப்போயிருந்தான். ஹயாசே வெட்ட வேண்டும், அரக்கன் விழ வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒகிட்சுவின் விரல் நகரவில்லை. கடைசியில் ஹயாசே வாளை இறக்கி, உறையில் போட்டுக்கொண்டு, "உனக்கு வீட்டில் யாராவது காத்திருக்கிறார்களா?" என்று அரக்கனைக் கேட்கிறான். அரக்கன் அசந்துபோய், மூட்டு வலியைப் பற்றிப் புலம்ப ஆரம்பிக்கிறான். இருவரும் பாறைமேல் உட்கார்கிறார்கள்.

எழுதியதை மாடத்தின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார். கஸுயோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவன் ஏன் வெட்டல?"

"வெட்டினா யாராவது செத்துடறாங்க."

"அரக்கன்தானே? கதைதானே?"

"தெரியுது. கை வரமாட்டேங்குது. மன்னிக்கணும்."

கஸுயோ இணையத்தில் ஏற்றுங்கள் என்று தலையை அசைத்தாள்.

அடுத்த மாதம் அவர் போனபோது வாசலிலேயே நின்றிருந்தாள். அறைக்குள் இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினாள். 'முட்டை சார் வந்துட்டார்!' 'உயிரோடதான் இருக்கீங்களா? அழுகையே வந்துருச்சு!' 'திட்டினதுக்கு மன்னிச்சுக்குங்க, உடம்பப் பாத்துக்குங்க.' முன்பு கேலி செய்த மூன்றாம் பூனையும் எழுதியிருந்தது: 'நல்லபடியா திரும்பி வந்தீங்களே, அதுவே போதும்.' அந்த வரிகளைக் கஸுயோ விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினாள். அவள் முகத்தில் களை ஏறியிருந்தது. செத்த பிள்ளை உயிரோடு இருப்பதாக ஊர் பேரறியாத ஒரு கூட்டம் நம்பிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் அவளும் கொஞ்ச நேரம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அந்தப் பொய்யை வளர்ப்பது தான்தான் என்று ஒகிட்சுவுக்குத் தெரியும். ஆனாலும் எழுதினார். வேறு என்ன செய்வார்?

இப்படி மாதத்துக்கு ஒரு அத்தியாயம். ஹயாசே வாளை உருவவே இல்லை. மலையைப் பிளக்கிற பலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குறுக்குச் சந்துகளில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நடந்தான். சில வாசகர்கள், போர் அடிக்கிறது என்று கழன்றுகொண்டார்கள். சிலர், முட்டை சாருக்கு என்னவோ நடந்திருக்கிறது, மனுஷன் கனிந்துவிட்டார் என்றார்கள். ஒருமுறை, அரக்கர் ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் இரண்டு வேலைக்காரர்களைக் கூப்பிடுகிற இடத்தில் கஸுயோ பக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்ததும் மாடத்தைத் திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். வெகுநேரம் கழித்துத் தேநீர்க் கோப்பையோடு வந்தாள். அதுதான் அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த முதல் தேநீர். உலகத்தில் ஒகிட்சு போகிற வீடு என்று அந்த ஒன்றுதான் இருந்தது. மாதம் முழுக்க அந்த ஒரு பிற்பகலுக்காகவே அவர் கிழங்கு கிளறினார் என்று சொல்லிவிடலாம். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

பிறகு ஒருநாள் அந்த மூன்றாம் பூனை ஒரு கேள்வி கேட்டது. 'முட்டை சார், ரொம்ப நாளாக் கேக்கணும்னு. ஹயாசேவுக்கு அம்மா இல்லையா? இந்த உலகத்துக்கு வந்ததிலேருந்து ஒரு தடவைகூட வீட்ட நினைக்க மாட்டேங்கறானே?'

நியாயமான கேள்வி. இந்தக் கதாநாயகர்கள் யாருக்குமே வீட்டு நினைப்பு வருவதில்லை. வந்தால் கதை நகராது. கஸுயோ அந்த வரியை எத்தனை தடவை படித்தாளோ, ஒகிட்சு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"அடுத்த மாசம் அதை எழுதுங்க. ஹயாசே அந்தக் கடைசி நாள நினைச்சுப் பாக்கறான். ரோட்டுல விழுந்தது, அப்புறம் என்ன ஆச்சு, எல்லாம்."

"தோமோயா ஏற்கனவே எழுதியிருக்காரே, முதல் அத்தியாயத்துல."

"வெள்ளை வெளிச்சம் வந்துச்சு, வலியே இல்லன்னு எழுதியிருக்கான். ரெண்டே வரி. எழுதறப்போ அவனுக்கு என்ன தெரியும், சின்னப் பையன்! நீங்க அங்க இருந்தீங்க. நீங்க எழுதுங்க."

ஒகிட்சு தலைகுனிந்து வணங்கிவிட்டு வந்துவிட்டார்.

அந்த நாளைப் பற்றி அவர் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருந்தார். பையன் பேசும் நிலையில் இல்லை என்று போலீஸில் சொன்னார். உண்மையில் பையன் பேசினான். லாரியிலிருந்து குதித்து ஓடிப்போய்த் தார்ச்சாலையில் மண்டியிட்டு அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் கண் திறந்திருந்தது. "அம்மா வேலையில இருப்பாங்க, இப்ப போன் பண்ணாதீங்க" என்றான் முதலில். பிறகு முனக ஆரம்பித்தான். வலி, வலி என்றான். அது எப்பேர்ப்பட்ட வலி என்று ஒகிட்சுவின் விரல்களுக்குத் தெரியும், அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தான். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கத் தொடங்கியபோது, "வலிச்சுதுன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, என்ன?" என்றான். "சொல்ல மாட்டேன்ப்பா" என்றார் ஒகிட்சு. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

ஒரு உயிரை எடுத்தவர் அந்த உயிருக்குச் செய்ய முடிந்தது இந்த ஒன்றுதான். போலீஸ், வக்கீல், நீதிபதி, யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. இப்போது கேட்பவள் தாய். சொன்னால் மகனுக்குக் கொடுத்த வாக்குப் போயிற்று. சொல்லாவிட்டால், மகனுடைய கடைசிப் பேச்சைத் தாய்க்குத் தெரியாமல் பூட்டி வைத்திருக்கிற ஆளாக அவர் இருந்துவிட்டுப் போகவேண்டும். அந்த மாதம் முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்னய்யா, கிழங்கக் கிளறச் சொன்னா தடவிக் குடுக்கற?" என்றாள் தமாகி.

"தமாகி சான், ஹீரோ சாகற இடத்த எப்படி எழுதணும்?"

"முதல் அத்தியாயமா? ரெண்டு வரி போதும். லாரி, வெளிச்சம், தேவதை. வலின்னு மட்டும் எழுதிடாத, எவனும் படிக்க மாட்டான்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கிளறுகிற கை நின்றுவிட்டது. "ஒகி சான்... நான் யோசிக்காமப் பேசிட்டேன்."

"இல்ல. அதுதான் எனக்கும் வேணும்."

அந்தத் தேதி வந்தது. காற்று இல்லாத, வெயில் இதமாக அடிக்கிற பிற்பகல். ஒகிட்சு பையனின் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். ஹயாசே ஒரு மரத்தடியில் படுத்துக்கொண்டு அந்த நாளை நினைத்துப் பார்க்கிறான். சாலையில் வெளிச்சம் வந்தது. வெள்ளை வெளிச்சம். உடம்பு பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. வலி என்பது கொஞ்சமும் இல்லை. யாரிடமும் ஒன்றும் பேசவில்லை, பேசத் தோன்றவும் இல்லை. அம்மா சமைக்கிற நூடுல்ஸ் வாசனை மட்டும் எங்கிருந்தோ வந்தது. எழுதி முடித்து, மாடத்தின் முன்னால் உட்கார்ந்து படித்தார். நூடுல்ஸ் வரும் இடத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார். அதைத்தான் அவர் நன்றாக எழுதிவிட்டதாக நினைத்திருந்தார்.

கஸுயோ அசையாமல் கேட்டாள். ஊதுவத்தி பாதிக்கு மேல் எரிந்திருந்தது.

"நல்லா இருக்கு" என்றாள். "என் பையன் எழுதின மாதிரியே இருக்கு."

ஒகிட்சு குனிந்தார்.

"அதனாலதான் இது வேண்டாம். அவன் எழுதினதத்தான் நீங்க திரும்ப எழுதியிருக்கீங்க. நான் உங்களோடதக் கேட்டேன்."

"முரோய் சான்..."

"சாவு வீட்டுக்கு அந்த ரொட்டிக்கடை அம்மா வந்திருந்தாங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உங்க பையன் அந்த டிரைவர்கிட்டப் பேசிக்கிட்டே இருந்தான்னு சொன்னாங்க. என்ன பேசினான்னு அவங்களுக்குக் கேக்கல. நீங்க போலீஸ்ல சொன்னதையும் படிச்சேன். பேசற நிலைமையில இல்லன்னு இருந்துச்சு."

அவருக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

"எல்லாரும் என்கிட்ட வலியில்லாமப் போயிட்டான்னு சொன்னாங்க. சாமியார் சொன்னாரு, போலீஸ் சொன்னாங்க, என் அக்கா சொன்னா. அவங்க யாரும் அங்க இல்ல. நீங்க மட்டும்தான் இருந்தீங்க. உங்களுக்கு நான் எதுக்குக் கதவத் திறந்தேன்னு நினைச்சீங்க? மன்னிச்சுட்டேன்னா? என்னிக்காவது ஒருநாள் நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான். மாசாமாசம் நீங்க அந்த ரூம்ல தட்டிக்கிட்டு இருக்கறப்போ நான் இங்க உக்காந்து, இன்னிக்குச் சொல்லுவாரு, இன்னிக்குச் சொல்லுவாருன்னு இருந்தேன்." அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "என் பையன் உங்ககிட்ட என்ன சொன்னான்?"

ஒகிட்சு ஊதுவத்திச் சாம்பலைப் பார்த்தார்.

"உங்களத் திட்டினானா?"

"இல்ல. இல்லவே இல்ல."

"என்னக் கூப்பிட்டானா?"

ஒகிட்சு பாயில் கைகளை ஊன்றிக் குனிந்தார். "என்னால சொல்ல முடியாது, முரோய் சான். என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அத மட்டும் கேக்காதீங்க."

"நான் அவனைப் பெத்தவ. எனக்குச் சொல்ல மாட்டேன்னா வேற யாருக்குச் சொல்லுவீங்க?"

"யாருக்கும் சொல்ல மாட்டேன். அவர் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு."

வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. சொன்னதைத் திரும்பப் பிடித்து இழுத்துக்கொள்வது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

"யார்கிட்ட சொல்லக் கூடாதுன்னு?"

அவர் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்டயா?"

அப்போதும் அவர் தலையை ஆட்டவில்லை. ஆட்டவேண்டிய அவசியமும் இல்லை. கஸுயோ மெதுவாகப் பின்னுக்குச் சாய்ந்து சுவரில் முதுகைக் கொடுத்தாள்.

"அப்போ வலிச்சிருக்கு" என்றாள்.

வெளியே பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளின் சத்தம் தெருவைத் தாண்டிப் போனது. கஸுயோ படத்தைப் பார்த்தாள்.

"காய்ச்சல் வந்தாக்கூட இப்படித்தான்டா நீ. ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மான்னு போர்வைய இழுத்து மூடிக்குவ. நான் தொட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். அங்கயுமா? அங்கயுமாடா மறைக்கணும்?" அப்புறம்தான் அவள் அழுதாள். சாவு வீட்டில் அழாதவள், கோர்ட்டில் அழாதவள், முன்னே கவிழ்ந்து நெற்றி பாயில் படும்படி அழுதாள். ஒகிட்சுவுக்கு எழுந்து போகவும் முடியவில்லை, பக்கத்தில் போகவும் உரிமையில்லை. மண்டியிட்டபடியே இருந்தார்.

வெகுநேரம் கழித்து அவள் தலையைத் தூக்கினாள்.

"அவன் கையப் பிடிச்சிருந்தீங்களா?"

"பிடிச்சிருந்தேன்."

"எந்தக் கையால?"

அவர் வலக்கையை நீட்டினார். கொன்யாக்கு ஈரத்தில் ஊறித் தோல் உரிந்த கை. கஸுயோ அதைத் தன் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவருக்காகச் செய்ததல்ல அது. அது அவருக்கும் தெரியும்.

"சூடா இருந்துச்சா அவன் கை?"

"இருந்துச்சு. கடைசி வரைக்கும் இருந்துச்சு."

"இதுவாவது நிசமா?"

"நிசம்."

அவள் கையை விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் எடுத்து வைத்தாள். அவள் கோப்பை காலி, அவருடையது வைத்தபடியே ஆறிப் போயிருந்தது.

"இனிமே வராதீங்க, ஒகிட்சு சான். எனக்கு உங்க மேல கோவம் இல்ல. இருந்திருந்தா வரச் சொல்லியிருப்பேன். உங்க முகத்தப் பாத்தா, என் புள்ள வலியில கிடந்துக்கிட்டு எனக்காகப் பயந்ததுதான் தெரியும். அத மாசாமாசம் பாக்க என்னால முடியாது."

ஒகிட்சு நெற்றி தரையில் படும்படி வணங்கினார். கோட்டை எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டத் தெரியாதவர் போல வாசலில் தடுமாறி, வெளியே வந்தார். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். தோமோயாவுக்குக் கொடுத்த வாக்கை வார்த்தை அளவில் காப்பாற்றிவிட்டார், ஆனாலும் தாய்க்குத் தெரிந்துவிட்டது; இதைச் சொல்லிக்கொள்ளவும் அவருக்கு அந்த வீட்டைவிட்டால் வேறு வீடு இல்லை. தெருக்கோடியில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு வண்டியும் வரவில்லை. அப்படியும் சாலையைக் கடக்க முடியாமல், வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, அந்த வாட்டசாட்டமான மனுஷன் வாய்விட்டு அழுதார்.